டூம் லெவல் சொன்னபடி கேட்கவில்லையா? அறிகுறியிலிருந்து பிழைக்குப் போகும் வழி

டூம் 1993 டிசம்பரில் வெளிவந்தது. அடுத்த ஜனவரி முடிவதற்குள் ஆட்டக்காரர்களே லெவல் கட்டும் எடிட்டர் ஒன்றை எழுதிவிட்டார்கள். அன்று முதல் இன்றுவரை இந்த விளையாட்டுக்கு வீட்டில் உட்கார்ந்து லெவல் கட்டுபவர்கள் குறையவே இல்லை. கருவிகள் நன்றாக வளர்ந்துவிட்டன, பிழைகள் மட்டும் அதே பழைய பிழைகள்தான். கதவு திறக்காது, சுவர் கலங்கும், மான்ஸ்டர் அசையாது.

கீழே வருவது டூம் 2-க்கான லெவல்களுக்கு, பழைய டூம் வடிவத்தில், அல்டிமேட் டூம் பில்டர் எடிட்டரில் கட்டியவற்றுக்கு. வேறு எடிட்டராக இருந்தாலும் பொத்தான்களின் இடம்தான் மாறும், காரணங்கள் மாறாது.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டூம் லெவல் என்பது மேலிருந்து பார்க்கும் தட்டையான வரைபடம். புள்ளிகளை இணைத்தால் கோடுகள். கோடுகள் சூழ்ந்த இடம் செக்டார். ஒவ்வொரு செக்டாருக்கும் ஒரு தரை உயரம், ஒரு கூரை உயரம், ஒரு வெளிச்ச அளவு. ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறை கிடையாது. ஒவ்வொரு கோட்டுக்கும் முன்பக்கம், பின்பக்கம் உண்டு. எடிட்டரில் கோட்டின் நடுவே குத்தி நிற்கும் சின்னக் கீற்று முன்பக்கம் எது என்று காட்டும். அந்தக் கீற்றைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிப் பிழை கண்ணிலேயே மாட்டும்.

இன்னொன்று. பிழை தெரிந்தவுடன் எடிட்டருக்கு ஓடாதீர்கள். ஆட்டத்துக்குள்ளேயே நின்று என்ன சத்தம் வருகிறது, எந்த இடத்திலிருந்து பார்த்தால் கெடுகிறது, தோட்டா அந்த இடத்தைத் தாண்டிப் போகிறதா என்று பாருங்கள். எடிட்டருக்குள் அரைமணி நேரம் தேடுவதைவிட அது சீக்கிரம் பதில் தரும்.

லெவல் திறக்கவே இல்லை, அல்லது பழைய முதல் லெவல்தான் வருகிறது

பழைய லெவலே வருகிறது என்றால் உங்கள் வாட் கோப்பு (லெவலையும் படங்களையும் அடக்கிய டூம் கோப்பு) ஏறவில்லை, அல்லது உள்ளே மேப்பின் பெயர் வேறாக இருக்கிறது. டூம் 2-க்கு முதல் லெவலின் பெயர் மேப்01. முதல் டூமுக்கோ ஈ1எம்1. டூம் 2-ஐ ஓட்டிக்கொண்டு ஈ1எம்1 என்று பெயரிட்ட லெவலைக் கொடுத்தால் எஞ்ஜின் அதைக் கண்டுகொள்ளாது. தன்னுடைய மேப்01-ஐயே திறக்கும். எடிட்டரின் மேப் அமைப்பில் பெயரை மாற்றினால் சரி.

ஏற்றும்போதே நின்றுவிட்டால், முதலாம் ஆட்டக்காரரின் தொடக்கப் புள்ளியை வைத்தீர்களா என்று பாருங்கள். அது பொருள் எண் 1. திரையில் டெக்ஸ்சர் (சுவரில் ஒட்டும் படம்) பெயர் ஒன்றைச் சொல்லி 'கிடைக்கவில்லை' என்று வந்தால், வேறொரு வாட் கோப்பிலிருந்து எடுத்த படம் உங்கள் கோப்பில் இல்லை என்று பொருள். முதல் டூமில் இருந்த சில டெக்ஸ்சர்கள் டூம் 2-ல் கிடையாது, அதிலும் சிலர் மாட்டுவார்கள்.

உங்கள் கணினியில் ஓடுகிறது, நண்பர் கணினியில் ஓடவில்லை என்பது பெரும்பாலும் வடிவச் சிக்கல். புதிய மேப் தொடங்கும்போது எடிட்டர் ஒரு பட்டியல் காட்டும். அதில் யூடிஎம்எஃப் என்ற புதிய வடிவத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஜிஇசட்டூம் என்ற புதிய எஞ்ஜின் ஓட்டும், பழைய டூமைப் போலவே நடந்துகொள்ளும் சாக்லேட் டூம் எஞ்ஜின் ஓட்டாது. பழைய டூமுக்கு என்று சொல்லிப் பகிர நினைத்தால் ஆரம்பத்திலேயே டூம் வடிவத்தை எடுங்கள். பாதி கட்டியபின் மாற்றுவது தலைவலி.

கதவு திறக்கவில்லை

இதற்குத்தான் அதிகம் பேர் உதவி கேட்கிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு சாதாரணக் கதவு என்பது தரையும் கூரையும் ஒரே உயரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய செக்டார். நடை 0 உயரத் தரையும் 128 உயரக் கூரையும் என்றால், நடுவே 16 யூனிட் தடிமனில் ஒரு செக்டார், அதன் கூரையும் 0. அதன் இரு அகலப் பக்கக் கோடுகளுக்கும், கோடு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆக்‌ஷன் எண் 1. அவ்வளவுதான். டேக் (கோட்டையும் அது இயக்கும் செக்டாரையும் இணைக்கும் எண்) எதுவும் தேவையில்லை, ஏனென்றால் இந்த ஆக்‌ஷன் கோட்டின் பின்பக்கத்தில் உள்ள செக்டாரைத்தான் தூக்கும்.

இப்போது கதவின் முன் நின்று ஸ்பேஸ் விசையை அழுத்துங்கள். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

ஆட்டக்காரர் 'ம்ப்' என்று முனகினால், எஞ்ஜின் அந்தக் கோட்டை வெறும் சுவராகவே பார்க்கிறது. ஆக்‌ஷன் எண் போடவில்லை, அல்லது வேறு கோட்டில் போட்டுவிட்டீர்கள்.

முனகலே இல்லாமல் சுத்த அமைதி என்றால், ஆக்‌ஷன் இருக்கிறது, ஆனால் கோடு திரும்பியிருக்கிறது. அழுத்தியது கோட்டின் பின்பக்கத்திலிருந்து. டூம் எஞ்ஜினில் ஆக்‌ஷன் உள்ள கோடு ஒன்று கிடைத்தவுடன் தேடல் நின்றுவிடும். பின்பக்கம் என்றால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும், முனகல் சத்தத்தையும் எழுப்பாது. எடிட்டரில் கோட்டைத் தேர்ந்தெடுத்து எஃப் விசையை அழுத்தித் திருப்புங்கள். கீற்று கதவுக்கு வெளியே, நீங்கள் நிற்கும் பக்கம் பார்க்க வேண்டும். இரு பக்கமும் அப்படியே.

முனகலோடு திரையின் மேலே சாவி வேண்டும் என்று ஒரு வரி வந்தால் அது பிழை இல்லை. ஆக்‌ஷன் எண் 26, 27, 28 ஆகிய மூன்றும் சாவிக் கதவுகள்: முறையே நீலம், மஞ்சள், சிவப்பு. சாவியை லெவலில் வைத்தீர்களா, அதுவும் கதவுக்கு இந்தப் பக்கம் வைத்தீர்களா என்று மட்டும் பாருங்கள்.

கதவு கொஞ்சம் மட்டும் தூக்கி நின்றுவிடுகிறதா? கதவு எவ்வளவு உயரம் ஏறும் என்பதை அக்கம்பக்கத்துச் செக்டார்கள் முடிவு செய்கின்றன. ஒட்டியிருக்கும் செக்டார்களில் எதன் கூரை மிகத் தாழ்ந்ததோ, அதற்கு 4 யூனிட் கீழே போய் நிற்கும். மேலே சொன்ன நடையில் கதவு 124 வரை ஏறும். அழகுக்காக வாசலில் 72 உயரக் கூரையோடு ஒரு சட்டம் கட்டியிருந்தால், கதவு 68-லேயே நின்றுவிடும். இரண்டு மூடிய கதவுகளை முதுகோடு முதுகாக ஒட்டி வைத்தால் நிலைமை இன்னும் மோசம். பக்கத்துக் கதவின் கூரை 0 என்பதால் இது போக வேண்டிய உயரம் 0-க்கும் கீழே ஆகிவிடுகிறது. நடுவில் ஒரு சின்னச் செக்டார் விட்டுவிடுங்கள்.

கதவு நன்றாகத் திறக்கிறது, ஆனால் பக்கவாட்டுச் சுவரும் அதோடு சேர்ந்து மேலே நழுவுகிறது என்றால், கதவுச் செக்டாரின் இரு ஓரக் குறுங்கோடுகளுக்கு 'லோயர் அன்பெக்டு' ஃபிளாக் (எடிட்டரில் கோட்டுக்குப் போடும் குறி) போடுங்கள். சுவர் நழுவுவதால் ஆட்டத்துக்குக் கெடுதல் இல்லை, ஆனாலும் புதியவர் லெவல் என்று பார்த்தவுடன் காட்டிக்கொடுக்கும் இடம் இதுதான்.

நீங்கள் திறக்கலாம், மான்ஸ்டர்கள் திறக்க மாட்டேன் என்கின்றனவா? கையால் திறக்கும் சாதாரணக் கதவுகளில் ஆக்‌ஷன் எண் 1 மட்டுமே அவற்றுக்குத் திறக்கும். வேகக் கதவான 117-ஐ அவை தொடாது. எண் 1 கதவுக்கும் 'சீக்ரெட்' ஃபிளாக் இருந்தால் மான்ஸ்டர் தொடாது. இதைத் தெரிந்து பயன்படுத்தினால் நல்ல ஆயுதம்.

ஸ்விட்சை அழுத்தினால் லெவலே குலைகிறது

ஒரு ஸ்விட்சை அழுத்தினீர்கள். எதிரே ஒரு மேடை இறங்க வேண்டும். அதற்குப் பதில் படிக்கட்டெல்லாம் தரைமட்டமாகிறது, தூரத்து அறையில் பீடங்கள் இறங்கும் சத்தம் கேட்கிறது. டேக் எண் போட மறந்ததுதான் காரணம். கோட்டின் டேக் 0 என்றால், டேக் 0 உள்ள எல்லாச் செக்டாருக்கும் அந்த ஆக்‌ஷன் போய்ச் சேரும். டேக் போடாத செக்டார் எல்லாமே டேக் 0 தான். ஆக்‌ஷன் எண் 23 போன்று தரையை இறக்கும் ஸ்விட்சாக இருந்தால், ஒவ்வொரு செக்டாரும் தன் அண்டையில் உள்ள மிகத் தாழ்ந்த தரைக்குப் போகும். பாதி லெவல் காலி.

இதில் ஒரு பொறி உண்டு. புதிய எஞ்ஜின்களில் சில, இப்படி டேக் இல்லாத கோடுகளைத் தடுத்துவிடும். அதனால் ஜிஇசட்டூமில் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று தோன்றுவதும், சாக்லேட் டூமில் எல்லாம் சரிவதும் ஒரே பிழையின் இரு முகங்களாக இருக்கலாம்.

லிஃப்டில் சத்தம் மட்டும் வந்து அசைவே இல்லை என்றால் அதற்கு இறங்க இடமில்லை. லிஃப்ட் தன்னைச் சுற்றியுள்ள தாழ்ந்த தரைவரை இறங்கும். சுற்றிலும் தன்னைவிடத் தாழ்ந்த தரை இல்லாவிட்டால் இருந்த இடத்திலேயே இருக்கும். கீழ்த்தளச் செக்டார் லிஃப்ட் செக்டாரை நேரடியாகத் தொடுகிறதா என்று பாருங்கள். இடையில் ஒரு அலங்காரப் பட்டைச் செக்டார் புகுந்துகொண்டால் போதும், லிஃப்டுக்குக் கீழ்த்தளம் தெரியாது.

வேகமாக இறங்கும் மேடை தரையோடு சேராமல் கொஞ்சம் தூக்கலாக நிற்கிறது என்றால், ஆக்‌ஷன் எண் 36 அல்லது அதன் உறவினர்களில் ஒன்று. அந்த வகை, பக்கத்தில் உள்ள உயர்ந்த தரைக்கு 8 யூனிட் மேலே நிற்கும்படி எழுதப்பட்டது. பிழை இல்லை, அதன் குணம். சமமாக வேண்டுமென்றால் 38-க்கு மாறுங்கள், கொஞ்சம் மெதுவாக இறங்கும்.

ஒருமுறைதான் வேலை செய்யும் நடைக்கோடு (தாண்டி நடந்தால் இயங்கும் கோடு), சில ஆட்டங்களில் மட்டும் வேலை செய்யவில்லை. இதைப் பிடிக்கத்தான் ரொம்ப நாள் ஆகும். ஆட்டக்காரர் மட்டும்தான் நடைக்கோட்டைத் தூண்டுவார் என்று நினைக்கிறோம். ஆனால் 4 (கதவு), 10 (லிஃப்ட்) ஆகிய இரண்டையும் மான்ஸ்டரும் தூண்டும், இரண்டும் ஒருமுறை வகை. ஓர் இம்ப் உங்களுக்கு முன்னால் அதைத் தாண்டிப்போனால் லிஃப்ட் இறங்கி ஏறிவிடும், கோடு தீர்ந்துவிடும், நீங்கள் போய்ச் சேரும்போது வழி அடைபட்டிருக்கும். ஆட்டம் முடிக்க அவசியமான இடம் என்றால் 10-க்குப் பதில் 88 போடுங்கள், அது எத்தனை முறை வேண்டுமானாலும் வேலை செய்யும். அல்லது ஸ்விட்ச் வையுங்கள்.

சுவர் கலங்குகிறது, படம் இழுபடுகிறது, புள்ளி புள்ளியாக நிறங்கள்

கண்ணாடிக்குள் கண்ணாடி வைத்ததுபோல் பழைய காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கலங்கினால், எஞ்ஜின் அந்த இடத்தில் எதையுமே வரையவில்லை. முந்தைய ஃப்ரேமின் மிச்சம்தான் தெரிகிறது. பொதுவான காரணம், ஒற்றைப் பக்கச் சுவருக்கு நடு டெக்ஸ்சர் இல்லை. எப்போதும் அதே சுவரில் தெரிந்தால் இதுதான்.

கலக்கம் ஒரே இடத்தில் நிலைக்காமல், தூரத்திலிருந்து பெரிய காட்சியைப் பார்க்கும்போது மட்டும் வந்தால் அது டெக்ஸ்சர் பிரச்சினையே இல்லை. பழைய எஞ்ஜினில் ஒரு ஃப்ரேமில் வரையக்கூடிய சுவர்த் துண்டுகளுக்கு 256 என்ற உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டியவை வரையப்படாமல் போகும், அந்த இடம் கலங்கும். காட்சியின் குறுக்கே ஒரு முழுச் சுவர் வைத்துப் பார்வையை மறைப்பதுதான் தீர்வு. ஜன்னலைச் சிறிதாக்குவதால் சில சமயம் பிரயோசனம் இருக்கும், சில சமயம் இருக்காது.

படிக்கட்டின் நெற்றியில் தரையின் படமே கீழே வழிந்து வந்தாற்போல் தெரிந்தால் கீழ் டெக்ஸ்சர் இல்லை. கதவின் மேலே கூரை வழிந்தால் மேல் டெக்ஸ்சர் இல்லை. எடிட்டரில் எஃப்4 அழுத்தினால் மேப் பரிசோதனை வரும். டெக்ஸ்சர் விடுபட்ட இடமெல்லாம் பட்டியலாகக் கிடைக்கும். ஆனால் லிஃப்ட் இறங்கியபிறகு மட்டும் தெரியும் பக்கத்தை அது சொல்லாமல் விடலாம், ஏனென்றால் எடிட்டர் பார்க்கும்போது லிஃப்ட் மேலே நிற்கிறது. அசையும் செக்டார் எல்லாவற்றையும் ஆட்டத்தில் ஒருமுறை அசைத்துப் பார்த்தாக வேண்டும்.

சுவரின் கீழ்ப்பகுதியில் சம்பந்தமில்லாத நிறப்புள்ளிகள் கோடு கோடாக வருகின்றனவா? பழைய எஞ்ஜின் 128 யூனிட் உயரமுள்ள டெக்ஸ்சரை மட்டுமே ஒழுங்காக மீண்டும் மீண்டும் அடுக்கும். 128-க்குக் குறைந்த உயரமுள்ள படத்தை அதைவிட உயரமான சுவரில் ஒட்டினால் நினைவகத்தில் அடுத்துக் கிடக்கும் குப்பையை எடுத்து வரைந்துவிடும். வேறு படம் போடுங்கள்.

ஒரு கம்பிச் சட்டத்தின் பக்கம் திரும்பினாலே ஆட்டம் நத்தை வேகத்துக்கு இறங்கி, அந்தச் சட்டத்தில் தாறுமாறான புள்ளிகள் தெரிந்தால், இருபக்கக் கோட்டின் நடுவில் பல துண்டுகளால் ஆன டெக்ஸ்சரைப் போட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில் ஒற்றைத் துண்டால் ஆன படம் மட்டுமே வரலாம். இதற்கு மெடுசா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கிரேக்கக் கதையில் அவளைப் பார்த்தவர் கல்லாகிவிடுவதால்.

தரையின் படம் ஒரு மெல்லிய வாலாகச் சுவருக்கு அப்பாலும் நீண்டு ஓடினால், வரைபடத்தைக் கூறுபோடும் நோடு கணக்கில் ஏற்பட்ட ரவுண்டிங் தவறு. பக்கத்தில் உள்ள ஒரு புள்ளியை ஒன்றிரண்டு யூனிட் நகர்த்திச் சேமியுங்கள். போகாவிட்டால் எடிட்டரின் அமைப்பில் வேறொரு நோடு பில்டரைத் தேர்ந்தெடுங்கள். வால் இல்லை, ஒரு முழு அறையின் தரையே லெவல் முழுக்கப் பரவுகிறது என்றால் அந்தச் செக்டார் மூடப்படவில்லை. எங்கோ ஒரு மூலையில் இரு புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று இருப்பதாகத் தோன்றும், உண்மையில் ஒட்டியிருக்காது. நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இந்தப் பகுதியில் சொன்ன பல கோளாறுகளைப் புதிய எஞ்ஜின்கள் கமுக்கமாகச் சரிசெய்துவிடும். ஜிஇசட்டூமில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு 'பழைய டூமில் ஓடும்' என்று எழுதாதீர்கள். சாக்லேட் டூம் பழைய வரம்புகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கிறது; வரம்பு தாண்டியதா என்று அங்கேதான் தெரியும்.

வழி திறந்திருக்கிறது, ஆனால் போக முடியவில்லை

முதலில் சுடுங்கள். தோட்டாவும் ராக்கெட்டும் தாராளமாகத் தாண்டிப் போய் நீங்கள் மட்டும் முட்டினால், கோட்டில் 'இம்பாசபிள்' ஃபிளாக் மிச்சமிருக்கிறது. ஒரு காலத்தில் சுவராக இருந்து பிறகு வாசலாக்கிய கோடுகளில் இது ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இல்லையென்றால் அளவு. ஆட்டக்காரரின் அகலம் 32 யூனிட், உயரம் 56. சரியாக 32 அகலத்தில் நடை வைத்தால் காகிதத்தில் நுழையலாம், ஆட்டத்தில் தவிப்பீர்கள். 40-க்குக் குறையாமல் வையுங்கள், 64 என்றால் நிம்மதி. படி ஏறக்கூடிய உயரம் 24. 25 வைத்தால் ஒரு யூனிட்தானே என்று எஞ்ஜின் விடாது. தரை ஏறும் இடத்தில் கூரையும் தாழ்ந்தால் இடையில் 56 மிஞ்சுகிறதா என்றும் கணக்குப் போடுங்கள்.

இதெல்லாம் சரி, அப்புறமும் ஒரு மேடையின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சுவர் நிற்கிறதா? கீழே ஒரு மான்ஸ்டரோ விளக்குத் தூணோ இருக்கும். பழைய எஞ்ஜினில் திடமான பொருள் எல்லாம் உயரத்தில் எல்லையில்லாதது; உங்கள் காலுக்கு 200 யூனிட் கீழே நிற்கும் பாரன் என்ற மான்ஸ்டர் கூட உங்களைத் தடுக்கும்.

யாரும் அடிக்கவில்லை, உயிர் மட்டும் குறைகிறது

முதலாம் ஆட்டக்காரரின் தொடக்கப் புள்ளி இரண்டு இருக்கிறது. பட்டியலில் கடைசியாக உள்ளதில் நீங்கள் பிறப்பீர்கள். மற்றதில் உங்கள் உருவம் ஒன்று பொம்மையாக நிற்கும். அந்தப் பொம்மைமேல் அடி விழுந்தால் உங்களுக்கு வலிக்கும், அது செத்தால் நீங்களும் செத்தீர்கள். அறையை அப்படியே நகலெடுத்து ஒட்டும்போது தொடக்கப் புள்ளியும் சேர்ந்து ஒட்டிக்கொள்வதுதான் வழக்கமான வழி. வேண்டாததை அழித்துவிடுங்கள். இதையே வேண்டுமென்று வைத்து விசித்திரமான பொறிமுறைகள் கட்டும் ஆட்களும் உண்டு, அது தனிக் கலை.

மான்ஸ்டர் இல்லை, அசையவில்லை, எழவில்லை

எடிட்டரில் வைத்தது ஆட்டத்தில் இல்லை என்றால் ஃபிளாக்குகளைத் திறந்து பாருங்கள். சுலபம், நடுத்தரம், கடினம் என மூன்று குறிகள் உண்டு. நீங்கள் ஓட்டும் நிலைக்கு குறி இல்லாவிட்டால் அது பிறக்காது. பலர் ஆடும் ஆட்டத்துக்கு மட்டும் என்ற குறி விழுந்திருந்தாலும் அதேதான்.

இருக்கிறது, சுடுகிறது, இடம்பெயரவில்லை என்றால் சுவரிலோ பக்கத்து மான்ஸ்டரிலோ செருகி நிற்கிறது. படத்தின் அளவை நம்பாதீர்கள், எஞ்ஜின் பார்ப்பது ஒரு சதுரப் பெட்டியை. இம்புக்கு அகலம் 40, டீமனுக்கு 60, மேன்குபஸுக்கு 96, அரக்னோட்ரானுக்கு 128, ஸ்பைடர் மாஸ்டர்மைண்டுக்கு 256. சைபர்டீமன் அகலத்தில் 80 தான், ஆனால் 110 உயரம். 64 அகல வாசலுக்கு அப்பால் மேன்குபஸை வைத்துவிட்டு அது துரத்தி வரவில்லையே என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மேடைமேல் நிற்பவை கீழே குதிக்காததும் இப்படித்தான். பறக்காத மான்ஸ்டர் 24 யூனிட்டுக்கு மேல் பள்ளம் என்றால் காலை வைக்காது.

ஒரு தோட்டா சுட்டதும் லெவல் முழுக்க எழுந்து வருகிறதா? டூமில் சத்தம் திறந்த வழியெல்லாம் செக்டார் செக்டாராகப் பாய்ந்துகொண்டே போகும், தூரம் ஒரு பொருட்டே இல்லை. மூடிய கதவு தடுக்கும். கதவு வேண்டாம் என்றால் 'பிளாக் சவுண்ட்' ஃபிளாக் உள்ள கோடுகள். இதில் பலர் சறுக்குவது, ஒரு கோடு போதாது என்பதில். முதல் கோட்டைச் சத்தம் தாண்டிவிடும், இரண்டாவதில்தான் நிற்கும். நடையில் சற்று இடைவெளி விட்டு இரண்டு கோடுகள் போடுங்கள்.

எதிர்ப்பக்கம், மறைவறையில் அடைத்து வைத்து டெலிபோர்ட் ஆகி வரவேண்டிய கூட்டம் எழவே இல்லை. அவற்றுக்கு உங்கள் சத்தம் கேட்கவில்லை. மறைவறைக்குள் ஒரு சின்னச் செக்டாரை வரைந்து, அதையும் ஆட்டம் நடக்கும் அறையின் செக்டாரையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து 'ஜாயின்' செய்யுங்கள். வரைபடத்தில் தள்ளித் தள்ளி இருந்தாலும் எஞ்ஜினுக்கு அவை ஒரே செக்டார், சத்தம் அங்கேயும் போய்விடும். கூட்டத்துக்கு 'டெஃப்' ஃபிளாக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது உள்ள மான்ஸ்டர் சத்தம் கேட்டாலும் உங்களைப் பார்க்கும்வரை நகராது.

எழுந்துவிட்டன, டெலிபோர்ட் கோட்டையும் தாண்டுகின்றன, வரவில்லை என்றால் மூன்று இடம். கோட்டின் முன்பக்கத்திலிருந்து தாண்டினால்தான் வேலை செய்யும், ஆகவே கீற்று கூட்டத்தின் பக்கம் இருக்க வேண்டும். சேருமிடத்துச் செக்டாரில் அதே டேக்கும், பொருள் எண் 14-ம் வேண்டும். சேருமிடத்தில் வேறு யாராவது நின்றால் மான்ஸ்டர் வராது. டூம் 2-ல் மேப்30-ல் மட்டும் அவை நிற்பவரை நசுக்கிக்கொண்டு வரும். ஆக்‌ஷன் எண் 97 என்றால் நீங்களும் போவீர்கள், 126 மான்ஸ்டருக்கு மட்டும்.

கண்முன்னே நிற்கிறீர்கள், மான்ஸ்டர் பார்க்கவில்லை, அடித்தால் மட்டும் திரும்புகிறது. 'டெஃப்' காரணமில்லை. எந்தச் செக்டாரிலிருந்து எது தெரியாது என்று சொல்லும் ரிஜெக்ட் அட்டவணை பழையதாகக் கிடக்கிறது. நோடுகளை முழுதாக மறுபடி கட்டவைத்தால் போய்விடும்.

ஆட்டம் நடுவில் நின்றுவிடுகிறது

ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று ஒரு குறிப்பிட்ட பக்கம் திரும்பினால் ஆட்டம் மூடிக்கொண்டு, கடைசி வரியில் விஸ்ப்ளேன் என்ற சொல் இருந்தால், தரைகளும் கூரைகளும் அதிகமாகிவிட்டன. ஒரே நேரத்தில் கண்ணில் படும் கிடைப்பரப்புகளுக்குப் பழைய எஞ்ஜினில் 128 தான் இடம். உயரம், வெளிச்சம், ஃபிளாட் (தரை, கூரையின் படம்) மூன்றும் ஒன்றாக உள்ள பரப்புகள் பெரும்பாலும் ஒரே கணக்கில் சேரும். ஒன்று மாறினாலும் தனிக்கணக்கு. எனவே படிக்கட்டு, வெளிச்சம் படிப்படியாக மங்கும் தரை, விளக்குக் குழிகள் நிறைந்த கூரை, இவை மூன்றும் ஒரே பார்வையில் தெரியும் அறைதான் உடையும். வெளிச்சப் படிகளைக் குறைப்பது கண்ணுக்கு உறுத்தாத முதல் வெட்டு. வானம் எவ்வளவு பெரிதானாலும் செலவு குறைவு, எல்லா வானச் செக்டாரும் உயரம், வெளிச்சம் பாராமல் ஒரே கணக்கில் போகும். கூரையைத் திறந்து வானமாக்கியே தப்பித்த அறைகள் நிறைய.

சேமிக்கும்போது மட்டும் நின்றால் லெவல் பெரிதாகிவிட்டது. பழைய எஞ்ஜின் சேமிப்புக்கு 180,224 பைட் இடம்தான் ஒதுக்குகிறது. செக்டார்கள், கோடுகள், பொருள்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பெரிய சண்டை நடக்கும்போது பறக்கும் தீக்குண்டுகளும் கணக்கில் சேரும் என்பதால், அமைதியான நேரத்தில் சேமித்துப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். இந்த வரம்புகள் தேவையே இல்லை என்றால் கிரிஸ்பி டூம் என்ற எஞ்ஜினுக்கான லெவல் என்று கூடவரும் உரைக்கோப்பில் எழுதிவிடுங்கள், அது இவற்றை நீக்கியிருக்கிறது.

லிஃப்டுகள் பல ஒன்றாக ஓடும்போது நின்றால், ஒரே சமயத்தில் இயங்கக்கூடியவை 30 மட்டும்.

ரகசிய இடம் கணக்கில் ஏறவில்லை

செக்டார் வகை 9 போட்டாயிற்று, உள்ளே போயாயிற்று, முடிவில் ரகசியம் 0 சதவீதம். ஆட்டக்காரரின் மையப்புள்ளி அந்தச் செக்டாருக்குள் வந்து, கால் தரையில் பட்டிருந்தால்தான் கணக்கு. ஓடும்போது எஞ்ஜினின் ஒரு துடிப்புக்கு 16 யூனிட்டுக்கு மேல் தாண்டுகிறீர்கள், நொடிக்கு 35 துடிப்பு. 8 யூனிட் பட்டையை ரகசியமாக்கினால் மையப்புள்ளி அதில் விழாமலே போகலாம். மேலிருந்து குதித்து ஓரமாகத் தாண்டிப்போகும் இடமானாலும் அதே கதை. ரகசியக் குறியை வாசல் பட்டையிலிருந்து எடுத்து உள்ளறையின் பெரிய செக்டாருக்கு மாற்றுங்கள். ஒரு மறைவிடத்தில் நாலைந்து செக்டார் இருந்தால் ஒன்றுக்கு மட்டும் போடுங்கள், இல்லையென்றால் ஒரே இடம் நாலைந்து ரகசியமாக எண்ணப்படும்.